தர்மூஜியின் கற்கண்டு நூடுல்ஸ்

என் தம்பி தர்மூஜி இதுவரை வென்றவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தடவிய பாக்கு மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சைக்கிள் டயர். அப்போது அவனிடம் சைக்கிள் இல்லை, இப்போதும் இல்லை. வாத்துப் பந்தயத்தில் ஓர் அலாரக் கடிகாரம். அவனுடைய வாத்து எதிர்த்திசையில் ஓடி, மசூதி வேலியைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாக வந்து கோட்டைத் தொட்டது. விஷக்காய்ச்சலிடமிருந்து தன் உயிர். அதற்குள் பெரியவர்கள் வெள்ளைத் துணியே வாங்கிவிட்டார்கள். அவன் பிழைத்ததும் அதில் நான் தலையணை உறைகள் தைத்தேன், நல்ல துணி, நெடுநாள் உழைத்தது. பிறகு மூடி போட்ட பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்று. கடைசியாக ரொகயா.

பரிசுகளையெல்லாம் கட்டைவிரலை மையில் தோய்த்துத்தான் வாங்கினான். உயிருக்கு யாரும் ரேகை கேட்கவில்லை. நான் எழுதப்போவது ரொகயாவைப் பற்றி. வாளியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எங்களுக்கு பிரபெஸ் ஊருக்கு வெளியே, வெங்காய வயல்களின் ஓரத்தில் வீடு. செங்கல் பொடியும் உப்பும் பிசைந்து அதற்குள் வாத்து முட்டைகளைப் புதைத்து உப்பு முட்டை செய்வது என் தொழில். வெந்த முட்டை ஒவ்வொன்றின் மேலும் 'துரிபா' என்று என் பெயரை நீல மையில் குத்துவது தர்மூஜியின் வேலை. முத்திரை ஒருநாளும் கோணியதில்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அக்கா" என்பான்.

அவன் பள்ளிக்கூடம் போன கதை சின்னது. பிறவியிலேயே இடக்கைக்காரன். எங்கள் பக்கத்தில் இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதை இல்லை. அதை அவன் வீட்டிலேயே கற்றுக்கொண்டான். சாப்பிடுவான், கொடுப்பான், வாங்குவான், எல்லாம் வலக்கையால்தான். எழுதும்போது மட்டும் பென்சில் தானாக இடப்பக்கம் போனது. வாத்தியார் அந்தக் கையை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டிவைத்தார். மதியம் பார்த்தால் தம்பி நாற்காலியை இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். மறுநாள் நாற்காலியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் போகவில்லை. நான் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் வீட்டுக்கு அது போதும் என்று முடிவாயிற்று.

ரொகயா வெங்காயக் கொட்டகையில் வேலை செய்தாள். அறுவடையான சின்ன வெங்காயத்தின் வேரையும் வாலையும் நறுக்கிக் கொத்தாகக் கட்டும் வேலை. முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்து, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். தர்மூஜிக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவளைப் பார்த்தால் அவனுக்கு வார்த்தை வராது. கொட்டகைக்கு முட்டை கொண்டுபோகிற நாளில் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவுவான். இதைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்புகூட வேண்டாம்.

ஒருநாள் கொட்டகையில் பெண்கள் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ரொகயா, இன்னும் எத்தன நாளைக்கு ஒத்தையாவே படுப்ப? ஒரு ஆளப் பாரேன்டி."

"பாத்தவரைக்கும் போதும்" என்றாள் ரொகயா, கத்தியை நிறுத்தாமல். "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப அந்த மனுஷன் என்ன செஞ்சான் தெரியுமா? அடுப்புப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து, நான் எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தான். கரியும் ஆறிப்போச்சு, அவனும் ஆறிப்போனான். இனி ஒருத்தன் வரணும்னா, நான் படுத்துக் கெடக்கறப்ப வீட்டுல என்ன இருக்கோ அத வெச்சு ஒரு தட்டு நூடுல்ஸ் கிளறி என் முன்னால வெக்கணும். அழகும் வேணாம், படிப்பும் வேணாம்."

"அப்படி ஒரு ஆம்பள இந்த ஜில்லாவுலயே பொறக்கலடி!"

"பொறக்கலன்னா போகுது. நான் பாட்டுக்கு நிம்மதியா இருக்கேன்."

வாசலில் முட்டைக் கூடையோடு நின்றிருந்த தர்மூஜி இதை ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டான். அன்றைய முட்டைகளில் என் பெயர் ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று இடத்தில் விழுந்திருந்தது. ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்:

"அக்கா, ஆகஸ்ட் பதினேழாந் தேதி ஆம்பளைங்க சமையல் போட்டி இருக்குல்ல? அதுல பேர் குடுத்துட்டேன். இந்த வருஷம் நூடுல்ஸாம்."

"உனக்குத்தான் வெந்நி வெக்கவே தெரியாதே."

"வெந்நில என்னக்கா தெரியணும்? அது தானா கொதிக்கும்."

ஆண்கள் நைட்டி போட்டுக்கொண்டு சமைக்கும் அந்தப் போட்டியைப் பார்க்கத்தான் எங்கள் நாட்டுச் சுதந்திர தினமான ஆகஸ்ட் பதினேழன்று ஊரே வரும். கொடியேற்றத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. முந்தின ஆண்டு மனைவிமார்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சமையலையே சொல்லிச் சொல்லி நடத்தி முடித்துவிட்டதால், இந்த முறை தெருத்தலைவர் கர்சோனோ புதுச் சட்டம் போட்டிருந்தார். எந்தப் பெண் வாய் திறந்தாலும் அவள் புருஷன் அடுப்பு அணைக்கப்படும். அக்கா, அம்மாவும் இதில் அடக்கம். நூடுல்ஸை மட்டும் விழாக் கமிட்டி தரும், மற்றதெல்லாம் அவரவர் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

போட்டியன்று காலையிலேயே தர்மூஜி தன் பங்கு உலர்ந்த நூடுல்ஸை வாங்கிவந்து வெந்நீரில் ஊறப்போட்டான். ஊறப்போட்ட தொட்டி எதுவென்று கேட்க வேண்டும். கொல்லையில் வாத்துகளுக்குத் தவிடு கலக்கும் தொட்டி. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வாத்துகள் வரிசையாக நின்று அவனை நன்றியோடு பார்த்தன.

நான் சட்டத்தை மீறி வாய் திறக்கவில்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பதற்குச் சட்டம் இல்லை.

அவன் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தான். பிறகு எங்கள் மேசை மேல் இருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தான். சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி தெருக்காரர்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து பிரார்த்தனை செய்து, ஆளுக்கொரு விருந்துப் பெட்டி வாங்கி வருவது வழக்கம். சோறு, கோழி, அவித்த முட்டை, ஓரத்தில் ஒரு கை வதக்கிய நூடுல்ஸ். கோழியை எல்லோரும் அங்கேயே தின்றுவிடுவார்கள். நூடுல்ஸ்தான் எந்த வீட்டிலும் மிஞ்சும். தர்மூஜி ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"மதினி, நேத்துப் பெட்டியில நூடுல்ஸ் மீந்திருக்கா?"

"எதுக்குடா, வாத்துக்கா?"

"வாத்து சாப்புட்டாச்சு. இப்ப எனக்கு."

தெருக்கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கிண்ணம் கோபுரமாக நிறைந்திருந்தது. ஒன்றை மட்டும் அவன் யோசிக்கவில்லை. அந்த ஆண்டு விருந்துப் பெட்டிக்கெல்லாம் நூடுல்ஸ் செய்தவள் முத்தினா. முத்தினாவின் புருஷன் சோபிரின்தான் போட்டியில் போன வருஷத்து வெற்றிவீரன்.

மைதானத்தில் ஆறு மண்ணெண்ணெய் அடுப்புகள், ஆறு நைட்டிகள். தர்மூஜி போட்டிருந்தது என்னுடையது, பெரிய செம்பருத்திப் பூப்போட்டது, தோளில் கொஞ்சம் பிடித்தது. விசில் ஊதினதும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள் எல்லோரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். மறுநிமிஷமே இருமல் ஆரம்பித்தது.

முத்தினா வீட்டிலேயே புருஷனுக்குப் பாடம் நடத்தியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு இருமல் என்றால் உப்பு. இரண்டு என்றால் தீயைக் குறை. தொண்டையைச் செருமினால் கிளறு. அவள் ஒன்றிரண்டு தடவை இருமி, செருமி, எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மற்றப் பெண்களுக்கும் விஷயம் பிடிபட்டு அவரவர் பங்குக்கு இருமத் தொடங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆஸ்பத்திரி வராந்தா.

இருமுவதற்கு ஆளில்லாத தர்மூஜி தன் போக்கில் மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கல்லில் நசுக்கி எண்ணெயில் போட்டான். இடக்கையில் கரண்டி. சோபிரின் அதைப் பார்த்துவிட்டார்.

"தலைவரே, இத கொஞ்சம் பாருங்க! பீச்சாங்கையால கிளறுறான். இத எவன் திம்பான்?"

கூட்டம் சிரித்தது. கர்சோனோ தலையைச் சொறிந்தார். "டேய் தர்மூஜி, வலது கைக்கு மாத்துடா. சபை இருக்குல்ல."

தம்பி மாற்றினான். வலக்கையில் கரண்டி தண்ணீரில் விழுந்த பூனைபோல் தவித்தது. முதல் கிளறலிலேயே ஒரு பிடி நூடுல்ஸ் பறந்துபோய் சோபிரினின் நைட்டியில், நெஞ்சுக்கு நேராக, பதக்கம்போல் ஒட்டிக்கொண்டது. தம்பியின் காது சிவந்துவிட்டது. அடுப்பை விட்டு விலகி நின்றான். நான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசினாலும் அவன் அடுப்பு அணைந்துவிடும்.

அப்போது ஒரு குரல் கேட்டது. "தலைவரே, ஒரு சந்தேகம்."

எல்லோரும் திரும்பினார்கள். ரொகயா.

"வாய் தொறந்தா புருஷன் அடுப்பத்தான அணைப்பீங்க? எனக்குத்தான் உள்ள புருஷன் யாரும் இல்லையே. நான் பேசலாம்ல?"

கர்சோனோ யோசித்தார். சட்டத்தில் ஓட்டை இருந்தது. "பேசும்மா."

"சாப்புடுற கையக் கழுவாம வந்தாத்தான் கேக்கணும். கிளறுற கைய எதுக்குக் கேக்குறீங்க? கரண்டிதான நூடுல்ஸத் தொடுது. சோபிரின் அண்ணன் ரெண்டு கையாலயும் கிளறித்தான் அங்க என்ன ஆகுதுன்னு பாருங்க, புகையுது."

பெண்கள் பொத்திய வாயோடு சிரித்ததில் கயிறே ஆடியது. "சரி, சரி. உனக்கு எந்தக் கை வசதியோ அதுலயே கிளறு" என்று கர்சோனோ உட்கார்ந்துவிட்டார். தர்மூஜி கரண்டியை இடக்கைக்கு மாற்றினான். அதன்பின் ஓர் இழைகூடச் சட்டியை விட்டு வெளியே போகவில்லை.

வெளியே போனது மிளகாய் நெடிதான். காற்று நேரே பெண்கள் பக்கம் அடித்தது. முத்தினாவுக்கு உண்மையான இருமல் வந்துவிட்டது. ஒரு இருமல். சோபிரின் உப்புப் போட்டார். இன்னொரு இருமல். இன்னும் கொஞ்சம் உப்பு. அவள் வாயைப் பொத்தினாள், மூக்கைப் பிடித்தாள், முந்தானையைக் கடித்தாள். இருமல் ஒவ்வொன்றாக வெடித்து வந்தது. சோபிரின் மனைவி சொல் தட்டாத மனிதர், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை உப்பு எடுத்தார். கடைசியில் உப்புக் கிண்ணத்தையே கவிழ்க்கப்போனார்.

"ஐயோ, பாவி மனுஷா! அந்த உப்பக் கீழ வெய்யி!"

கர்சோனோ மெதுவாக நடந்துபோய் சோபிரினின் அடுப்பை அணைத்தார்.

மிஞ்சிய ஐந்து தட்டுகளில் தர்மூஜியுடையதற்கே பரிசு கிடைத்தது. ருசி பார்த்த கர்சோனோ வாயைச் சப்புக்கொட்டி, "இது எங்கயோ சாப்புட்ட ருசியா இருக்கே" என்றார். தம்பிக்குப் பொய் வராது. வாத்து விஷயத்தையும் பெட்டி விஷயத்தையும் அப்படியே சொல்லிவிட்டான்.

"அப்ப அது நான் செஞ்ச நூடுல்ஸ்!" முத்தினாவின் அடுப்பு அணைந்துவிட்டதால் அவள் இப்போது தாராளமாகப் பேசலாம். "பாத்துக்கங்க! ஜெயிச்சது என் கைப்பக்குவம்!"

"பெட்டியில வெச்சுக் குடுத்துட்டா அது வாங்குனவன் பொருள்மா" என்று கர்சோனோ தீர்ப்புச் சொன்னார். "அவன் வீட்டுல இருந்தது, அவன் சமைச்சான்." பச்சை வாளியை நீட்டினார். தம்பி ரேகை வைத்து, வலக்கையால் வாங்கிக்கொண்டான்.

வாளியோடு அவன் நேரே ரொகயாவிடம் போனான். அவளும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்திருந்தாள்.

"ருசியா இருக்கு. ஆனா முத்தினா சொல்றதும் நெசம்தான்" என்றாள். "இது பாதி அவ சமையல். நான் முத்தினாவையா கட்டிக்கப் போறேன்?"

அவன் வாளி மூடியைத் திறந்தான், மூடினான்.

"வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் ரொகயா. "எனக்கு அன்னிக்குத் தலவலி வரும். என் வீட்டுல இருக்கறத வெச்சுப் பண்ணிக் குடுங்க. அது சரியா வந்தா எங்க அண்ணன்கிட்ட வந்து பேசுங்க. வரலன்னா வாத்த மேய்க்கப் போங்க. அக்கா, நீங்களும் வாங்க, ஊர் வாய் சும்மா இருக்காது."

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது அவளுக்குச் சொன்னபடியே தலைவலி வந்திருந்தது. நெற்றிப்பொட்டு இரண்டிலும் வலிக்கான மருந்து ஒட்டுகளை ஒட்டிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். கன்னங்கள் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தன. வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக நான் நாலு உப்பு முட்டை கொண்டுபோயிருந்தேன். அவள் வாங்கி, "எதுக்குக்கா இதெல்லாம்" என்று சொல்லி, அடுக்களையில் வைத்துவிட்டு வந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் இல்லாமல் எப்படி? தலைவலியோடு எழுந்துபோய் மண்கூஜாவில் மல்லிகைத் தேநீர் போட்டு, சின்ன மண்கோப்பைகளில் ஆளுக்கொரு கட்டி கற்கண்டு இட்டு, எங்கள் முன் வைத்தாள். பிறகு மறுபடியும் கட்டிலில் விழுந்து முனகினாள்.

"அடுக்கள அந்தப் பக்கம்" என்றாள் கண்ணை மூடியபடி.

நானும் எட்டிப் பார்த்தேன். அலமாரி காலி. எண்ணெய்ச் சாடி இல்லை. இனிப்புச் சோயா புட்டி இல்லை. நூடுல்ஸ், பச்சை முட்டை, பூண்டு, உப்புக் கிண்ணம், ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கூடையில் போட்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் திருடி. கூரை விட்டத்தில் சின்ன வெங்காயக் கொத்துகள் தொங்கின. அவற்றை ஒளித்தால் இந்த ஊரில் வீட்டைத்தான் ஒளிக்க வேண்டும். பாதித் தேங்காய் ஒன்று, காந்தாரி மிளகாய் கொஞ்சம், ஒரு வாணலி. அவ்வளவுதான்.

தர்மூஜி முக்காலியில் உட்கார்ந்தான். அடுப்புப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தவன் கதியை அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

"என்ன, உக்காந்தாச்சா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவள் கண்ணுக்கு அடுக்களை தெரியாது, முக்காலி கிறீச்சிட்டது காதில் விழுந்திருக்கிறது.

"இல்ல" என்றான் அவன். "மேல பாக்குறதுக்கு ஏறுறேன்."

உண்மையாகவே ஏறினான். பரண்மேல் தகர டப்பா ஒன்று இருந்தது. திறந்தான். இடியாப்பம்போல் பிழிந்து வட்ட வட்டமாகக் காயவைத்த மஞ்சள் வடகம், மரவள்ளி மாவில் செய்தது. பொரித்துத் தின்பதற்கு எல்லார் வீட்டிலும் இருக்கும். நூடுல்ஸ் மாதிரி இருக்கட்டும் என்றுதான் அதற்கு அந்த வடிவம். ஆனால் அதை நூடுல்ஸாக நினைக்க யாருக்கும் தோன்றாது, ரொகயாவுக்கும் தோன்றவில்லை.

வெந்நீர் வைத்தான். அது தானாகக் கொதித்தது. வடகத்தை அதில் போட்டான். இந்தத் தடவை மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியையும் வைத்தான். அந்த வீட்டில் வாத்து கிடையாது, இருந்தாலும் வைத்தான். தேங்காயைத் துருவி வாணலியில் போட்டுக் கருகாமல் வறுக்க வறுக்க அது எண்ணெய் கக்கியது. அது போதவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தவன் கண்ணில் என் முட்டைகள் பட்டன. இரண்டை உடைத்து மஞ்சள் கருக்களை நசுக்கிப் போட்டான். நல்ல உப்பு முட்டையின் கரு சிவந்து, எண்ணெய் ஊறி இருக்கும், என்னுடையது நல்ல உப்பு முட்டை. வாணலி ஆரஞ்சு நிறத்தில் நுரைத்தது. வெங்காயத்தையும் மிளகாயையும் தட்டிப் போட்டான். வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கினான், உப்புக் கிண்ணத்தின் வேலையை அது பார்த்துக்கொண்டது.

"என்ன அது, உப்பு முட்ட வாசன?" ரொகயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அது என் வீட்டுப் பொருள் இல்ல. நீங்க கொண்டுவந்தது. கணக்குல சேராது!"

"நீ வாங்கி உள்ள வெச்சுட்டல்ல?" என்றேன் நான். "குடுத்துட்டா வாங்குனவங்க பொருள். தெருத்தலைவர் தீர்ப்பு."

அவள் என்னை முறைத்துவிட்டுப் படுத்தாள்.

வடகம் ஊறி, வழுவழுவென்று நூல் நூலாகப் பிரிந்திருந்தது. வாணலியில் போட்டுக் கிளறினான். வெளுப்பாக இருந்தது. சோயா இல்லாமல் வதக்கிய நூடுல்ஸ் காய்ச்சல்காரன் முகம்போல் இருக்கும். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். ரொகயா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் தன் தேநீர்க் கோப்பையை மரியாதையாக எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தேநீர் குடிக்கத்தான் எடுத்துப்போகிறான் என்று நானும் நினைத்தேன்.

கற்கண்டுக் கட்டி இன்னும் கரையாமல் அடியில் கிடந்தது. அதை எடுத்து வாணலியின் ஓரத்தில் போட்டு உருக்கினான். பொன்னிறமாகி, பழுப்பாகி, கறுக்கத் தொடங்கியபோது, அடர்த்தியான மல்லிகைத் தேநீரை அதன்மேல் ஊற்றினான். புகை கிளம்பியது. இடக்கை சுழன்றது. ஒருமுறை திரும்பிப் பார்த்து, என் கோப்பையிலிருந்த கற்கண்டையும் கேட்டான். கொடுத்தேன். நூடுல்ஸ் ஒவ்வோர் இழையாகக் கறுத்து மினுங்கியது.

தட்டை வலக்கையால் அவள் முன் வைத்தான். அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். தம்பி சுவரோரம் நின்று என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு பக்கம் தீஞ்சிருக்கு" என்றாள்.

"ஆமா."

"இழுத்தா ரப்பர் மாதிரி வருது. இது என்ன நூடுல்ஸ்?"

"பரண் மேல இருந்த வடகம்."

மென்றுகொண்டே மேலே பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "மல்லிப்பூ வாசன எப்படி?"

"டீ."

"இனிப்பு?"

"என் கப்புல இருந்த கற்கண்டு."

ரொகயா கையை நிறுத்தினாள். "அப்ப நீங்க டீய இனிப்பு இல்லாமலா குடிச்சீங்க?"

"குடிக்கவே இல்ல. அதுவும் உள்ளதான் இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் நெற்றிப்பொட்டு ஒட்டு ஒன்று பிய்ந்து தட்டில் விழுந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு மீதியையும் சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லை. "அக்கா, இது நோயாளிக்குச் செஞ்சது" என்றாள். தம்பி வாணலியைத் தேய்க்கப் போனான். தேய்க்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "எங்க அண்ணன் சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் வீட்டுலதான் இருப்பாரு" என்றாள்.

அண்ணனிடம் பேசி, தேதி குறித்தாயிற்று. பிறகுதான் அவள் இன்னொன்று சொன்னாள்.

"கல்யாணப் புத்தகத்துல நீங்க கையெழுத்துப் போடணும். ரேகை வேணாம்."

தம்பி திகைத்தான். "படிப்பு வேணாம்னு நீதான சொன்ன?"

"படிப்பு வேணாம். கையெழுத்து வேணும். என் பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டவெரலு இருந்துச்சுன்னா, முத்தினா வெங்காயக் கொட்டக முழுக்கச் சொல்லுவா. நூடுல்ஸ் என்னுது, வெரலு மட்டுந்தான் அவனுதுன்னு."

"அக்காவோட முட்ட முத்திரய எடுத்துட்டு வரட்டுமா? நேரா குத்துவேன்."

"அப்ப துரிபா அக்காவுக்கும் எனக்கும்தான் கல்யாணம் ஆகும்."

பென்சிலைக் கண்டாலே அவனுக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. அதனால் அவள் பென்சிலை எடுக்கவே இல்லை. அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில், சிரிக்கிற நாலு பேருக்கு நடுவே, ஒரு தட்டில் வதக்கிய நூடுல்ஸை வைத்து, இழைகளை எடுத்து அவன் பெயரை, எங்கள் மொழியை எழுதும் ஆங்கில எழுத்துகள் ஏழில், அடுக்கிக் காட்டினாள். முதல் எழுத்துக்கு இரண்டே இழை, ஒன்று நின்றது, ஒன்று அதன் தலையில் படுத்தது. நடுவில் மலைபோல் வரும் எழுத்துதான் நூடுல்ஸை அதிகம் தின்றது. கொக்கிபோல் வளையும் எழுத்துக்கு நூடுல்ஸ் தானாகவே வளைந்து உதவியது. தம்பி இடக்கையால் அடுக்கினான். யாரும் அந்தக் கையைக் கட்டவில்லை. கோணலாக வந்ததையெல்லாம் வலக்கையால் எடுத்துத் தின்றுவிட்டு மறுபடியும் அடுக்கினான். கல்யாணத்துக்குள் அவன் பெயர் நேரானது, அவன் கொஞ்சம் பருத்தான். கல்யாணச் சட்டையின் கடைசிப் பொத்தானை நான் இடம் மாற்றித் தைக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் பார்க்கும் ரஜப் மாதம் பிறந்து, நிக்காஹ் ஓதி முடிந்ததும், பதிவு அதிகாரி புத்தகத்தை விரித்து வைத்தார். ரொகயா கையெழுத்திட்டாள். அதிகாரி வழக்கப்படி மைப்பெட்டியை எடுத்து தம்பி பக்கம் தள்ளினார். தம்பி அதைப் பணிவாக அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, பேனாவை வலக்கையால் வாங்கி, இடக்கைக்கு மாற்றினான்.

அதிகாரி நிமிர்ந்தார். "தம்பி, அந்தக் கையா..."

ரொகயா ஒரு தடவை இருமினாள்.

பின்னால் நின்ற முத்தினாவும் இருமினாள். அவளுக்குப் பின்னால் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் இருமினார்கள். நானும் இருமினேன். பழக்கத்தில் சோபிரின் மட்டும் உப்பைத் தேடுபவர்போல் சட்டைப்பையைத் தடவினார். அதிகாரி, "யாருக்காவது தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

தர்மூஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். ஒன்று நின்றது, ஒன்று அதன் தலையில் படுத்தது, மலை வந்தது, கொக்கி வளைந்தது. ஏழு எழுத்துகளும் அவள் பெயருக்குப் பக்கத்தில், என் முட்டை முத்திரையைவிட நேராக நின்றன. முடித்ததும் நூடுல்ஸ் பழக்கத்தில் பேனா முனையை வாய்க்குக் கொண்டுபோனான், ரொகயா முழங்கையால் இடித்துத் தடுத்தாள். அன்று 1996 நவம்பர் 14, வியாழக்கிழமை.